மூடாத ஜாதகம்

புது லேப்டாப்பு பைய, ஆமை மாரி ஓடுதுன்னா சொன்னிய? அதான் தம்பி ஜாதகத்த மெயில்ல அனுப்பாம, புளியங்குடியிலேருந்து பஸ் ஏறி நேர்ல கொண்டாந்தியளா? உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. லேப்டாப்பு பைய ஓடுத கதைய எங்கிட்ட கேளுங்க. இந்தத் தென்காசியில அதுல என்னைவிட அடிபட்டவன் ஒருத்தன் கெடையாது. எங்குடும்பத்தையே ரெண்டாக்குனது அந்தச் சவம்தான்.

அவசரம் ஒண்ணும் இல்லையே? அஞ்சரைக்குத்தான பஸ்ஸு, கெடக்கு நேரம். உங்க தம்பி விவரத்த இதுல ஏத்திக்கிட்டே பேசுதேன். எனக்கு ஒத்த விரல்தான் ஓடும். முன்னால எல்லாம் மக டைப் அடிப்பா. குழல்வாய்மொழின்னு பேரு, குற்றாலத்து அம்மன் பேரு. வீட்ல மொழிம்போம். எங்கிட்ட பேசிக்கிட்டே, அடுப்புல பால் பொங்குதான்னு ஒரு காத அங்க வச்சுக்கிட்டே, ஒரு நாளைக்கு நாப்பது ஜாதகம் ஏத்திருவா. ஒரு எழுத்து தப்பாது.

தம்பி பேரு சொல்லுங்க. சிவசைலம். நல்ல பேரு. வயசு முப்பத்தாறு. மின்வாரியத்துல உதவிப் பொறியாளர். பரவாயில்லையே, பெறவு என்ன இத்தன வயசு வரைக்கும் விட்டுட்டிய? சரி சரி, அப்பா சொகமில்லாம கெடந்தாவளோ. அவுகவுக வீட்டுல ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து முப்பத்தெட்டு வருசம் ஆச்சு. வெளிய போர்டு பாத்தியள்லா, ஆவுடைநாயகம் திருமணத் தகவல் மையம். அந்த ஆவுடைநாயகம் நாந்தான். எங்கிட்ட ஒரு நேமம் உண்டு. பொருத்தம் பாக்கதுக்குன்னு விரிச்ச ஜாதகத்த, அந்தப் பக்கத்துலேருந்து ஆமான்னோ இல்லைன்னோ பதில் வாரது வரைக்கும் மடிக்க மாட்டேன். பேப்பர்ல இருந்த காலத்துல மனைப் பலகையில விரிச்சு, மேல ஒரு கொட்டைப் பாக்க வச்சிருவேன். பதில் வந்த பெறவுதான் பாக்க எடுப்பேன், பெறவுதான் மடிப்பேன்.

சிரிக்காதிய. ஒருக்க ஆலங்குளத்துப் புள்ள ஜாதகத்த எம்பொண்டாட்டி வீடு பெருக்குதப்ப மடிச்சு வச்சிட்டா. நாளைக்குப் பூ வைக்க வாரோம்னு சொல்லிட்டுப் போன மாப்ள வீட்டுக்காரவ, மறுநா வேண்டாம்னுட்டாவ. நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க, எனக்குத் தெரியும். அன்னையிலேருந்து ஒருத்தரையும் தொட விடமாட்டேன். பலகை பத்தாம கட்டில்ல விரிச்சேன். நானும் அவளும் ஆறு மாசம் தரையில படுத்திருக்கோம். அவ ஒரு வார்த்த சொல்ல மாட்டா, மகராசி. போயி எட்டு வருசம் ஆச்சு.

பெறவு கம்ப்யூட்டர் வந்துச்சு. மொழி அப்பதான் காலேஜ் முடிச்சிருந்தா. அவதான் எல்லாத்தையும் அதுல ஏத்துனா. அதுலயும் என் நேமந்தான். தொறந்த ஜாதகம் தொறந்தபடி இருக்கணும். ஆனா அந்தப் பழைய பெட்டியில ஒரு கொற. கரண்டு போச்சுன்னா எல்லாம் மூடிக்கிடும். அது நான் மூடல, தெய்வச் செயல், அதுனால தோசமில்ல. ஆனாலும் மனசுக்கு உறுத்தும்லா? கரண்டு வந்ததும் மறுபடி ஒவ்வொண்ணா தொறப்பேன், பாதி தொறக்கதுக்குள்ள மறுபடி போயிரும்.

இந்தச் சித்திரையில அந்தப் பெட்டி மண்டையப் போட்டுச்சு. அப்ப ஒருத்தர் சொன்னாவ, லேப்டாப்பு வாங்குங்க, அதுல பேட்டரி இருக்கு, கரண்டு போனாலும் மூடாதுன்னு. எனக்கு அப்பிடியே பழம் நழுவிப் பால்ல விழுந்தாப்ல இருந்துச்சு. மொழியக் கூட்டிக்கிட்டு திருநெல்வேலிக்குப் போனேன். கடைக்காரப் பையன்ட்ட கேட்டேன், மெமரி எவ்வளவுப்பான்னு. ஆயிரம் ஜிபின்னான். ஆயிரம்! முப்பத்தெட்டு வருச ஜாதகத்தையும் வச்சு மேல பந்தலும் போடலாம்லா.

மொழி அப்பவே காதுக்குள்ள சொன்னா: "அப்பா, அது சேத்து வைக்கது. வேல செய்யதுக்கு ரேம்னு ஒண்ணு இருக்கு. இதுல நாலுதான் போட்டிருக்கு. எட்டு போட்டிருக்குதத வாங்குவோம்."

நான் சொன்னேன், "ஏட்டி, ஆயிரம் பெருசா நாலு பெருசா?" அவ எப்பவும் ரெண்டாவது தடவ சொல்ல மாட்டா. அவ அம்மா மாரி.

ஆக, வாங்கியாச்சு. மொத ஒரு வாரம் என்னா ஓட்டம் ஓடுச்சுங்கிய! விரல் வைக்கதுக்கு முன்னால தொறக்கும். நான் மொதல்ல தொறந்தது மொழி ஜாதகம். பழைய பெட்டியிலயும் கரண்டு வந்ததும் மொதல்ல தொறக்கது அவளோடதுதான். அது ஒரு ராசி. ஆறு வருசமா நானா அத மூடுனதில்ல. பெறவு ஒவ்வொண்ணா தொறந்தேன். கட சாத்தும்போது அதோட மூடியக்கூடச் சாத்த மாட்டேன், மேல ஒரு துண்டப் போட்டு வச்சிருவேன். நெறுத்துதது, மறுபடி போடுதது, அந்தப் பேச்சே கெடையாது.

வைகாசி பொறந்துச்சு, சவம் மொடங்க ஆரம்பிச்சிட்டு. ஒரு எழுத்து அடிச்சா, அடிச்ச எழுத்து வாரதுக்குள்ள ஒரு வெத்தல போட்டுருலாம். ஒரு ஜாதகத்தக் கூப்புட்டா அந்த வட்டம் சுத்தும் பாருங்க, சுத்திக்கிட்டே கெடக்கும். எதுத்தாப்ல ஆள் உக்காந்திருக்கும். புது மிஷின்னு சொல்லி இருக்கேன். மானம் போச்சு அண்ணாச்சி. இதுக்கு அந்தப் பழைய பெட்டியே தேவலாம்னு ஆயிட்டு. ரெண்டு மாசத்துப் புதுசு, பதிமூணு வருசத்துப் பழச விட பைய ஓடுதுன்னா அது கடைக்காரன் ஏமாத்துனது இல்லாம என்ன?

ஆனி மாசம் மசூதக் கூப்புட்டேன். கூலக்கடை பஜார்ல செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் பாப்பான். செய்யது மசூது. நம்ம பயதான், நாப்பது வயசிருக்கும், சின்னப் புள்ளையிலேருந்து தெரியும். வந்தான், பாத்தான், தலையில கைய வச்சான்.

"அண்ணாச்சி, இருநூத்திப் பதினாலு ஃபைலு தொறந்து கெடக்கு!"

"ஆமாடே. அதுக்கென்ன? ஆயிரம் ஜிபி இருக்குல்லா?"

அதுக்கு அவன் ஒரு வெளக்கம் சொன்னான், கேளுங்க. உங்க லேப்டாப்புக்கும் அதான் நோக்காடா இருக்கும். "அண்ணாச்சி, கல்யாண மண்டபத்துல ஸ்டோர் ரூமு ஒண்ணு இருக்கும், பந்தி ஹாலு ஒண்ணு இருக்கும். ஆயிரம் ஜிபிங்கது ஸ்டோர் ரூமு. எத்தன மூட்டை வேணாலும் அடுக்கலாம். வேல நடக்கது பந்தி ஹால்ல. அதான் மெமரி. உங்க ஹால்ல நாப்பது எலதான் போடலாம். சாப்பிட்டவங்க எந்திரிச்சாத்தான அடுத்த பந்தி? நீங்க ஒருத்தரையும் எந்திரிக்க விடல. எரநூறு பேரு எலையில உக்காந்திருக்கான், எரநூத்தி ஒண்ணாவது ஆளு வாரான். இந்த மிஷின் பாவம் என்ன செய்யும்? நாலு பேர பெஞ்சோட தூக்கி ஸ்டோர் ரூமுல கொண்டு வைக்கும், இவன உக்கார வைக்கும். நீங்க பழைய ஆளக் கேட்டா மறுபடி இவனத் தூக்கிட்டுப் போயி, அவனத் தூக்கிட்டு வரும். நாள் பூரா தூக்குத வேலதான். பெறவு எங்கேருந்து பரிமாறுதது?"

"சரிடே, என்ன செய்யணும்ங்க?"

"ரெண்டு வழிதான். ஒண்ணு, சாப்பிட்டவங்கள எந்திரிக்கச் சொல்லுங்க. மூடுனா ஒண்ணும் அழிஞ்சிராது, ஸ்டோர் ரூமுல பத்திரமா இருக்கும், எப்பக் கேட்டாலும் வரும். இல்லைன்னா ஹாலப் பெருசாக்குவோம். எட்டு ஜிபி ரேம் வாங்கிப் போட்டுத் தாரேன், அரை மணி நேரத்து சோலி."

ரெண்டு மாசத்துப் புதுசப் பிரிச்சு உள்ள சாமான் வைக்கணுமாம்! "புது மாப்ளைக்குப் பல்லு கட்டச் சொல்லுதியோடே?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டான். மூடுத பேச்சே எடுக்காதடேன்னுட்டேன். ஊரான் புள்ளையளோட வாழ்க்க, நம்ம வசதிக்கு மடிச்சு வைக்க முடியுமா?

போறதுக்கு முன்னால வரிசையில அடியில கெடந்த ஃபைலத் தொட்டுக் காட்டுனான். "இது யாரு அண்ணாச்சி, மொத பந்தியில உக்காந்த ஆளு? ரொம்ப நாளா இருக்கு போலயே." கேட்ட பெறவுதான் பேரப் பாத்தான். மொழி அப்ப அவனுக்குத் தண்ணி கொண்டாந்து நிக்கா. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே தண்ணியக் குடிச்சிட்டுப் போயிட்டான். மரியாத தெரிஞ்ச பய.

இப்ப நீங்க கேப்பிய, ஊருக்கெல்லாம் கல்யாணம் பேசுதிய, சொந்த மகளுக்கு ஏன் அமையலன்னு. எல்லாரும் கேட்டாச்சு. என்னத்தச் சொல்ல? நான் பாக்காத எடமா? ஒவ்வொரு மாப்ள ஜாதகம் வரும்போதும் மொதல்ல எம்மவளுக்குத்தான் மனசுக்குள்ள வச்சுப் பாப்பேன். வீரகேரளம்புதூர்ல ஒரு டாக்டர், ஆனா தாய்மாமன் திக்கிப் பேசுவாரு. ஒரு பய ஓசூர்ல இருக்கான், அம்புட்டுத் தொலவட்டுல குடுத்துட்டு ஒரு ஆத்திர அவசரத்துக்குக் கூப்புட முடியுமா? அம்பாசமுத்திரத்துல ஒண்ணு, எல்லாம் சரி, வீடு தெக்குப் பாத்த வாசல். தகப்பன் மனசு அண்ணாச்சி. கண்ட எடத்துல தள்ளி விட்டுற முடியாது. அதுலயும் இவ மாரி ஒரு புள்ள. அவ அம்மா தவறுன பெறவு இந்த வீட்டையும் மையத்தையும் ஒத்தையில தாங்குனவ. அவ போயிட்டா இங்கன யாரு அடிப்பா, யாரு சோறு வடிப்பா, அது வேற. அத நான் யோசிக்கவே இல்ல.

பிறந்த நேரம் சொல்லுங்க. காலம்பற ஆறு இருவதா. சரி.

ஆனி கடைசியில கடையத்துலேருந்து ஒரு அம்மா போன் பண்ணுனாவ. மகன் கணக்கு வாத்தியாரு, முப்பத்தேழு வயசு. ஒரு கல்யாணத்துல மொழியப் பாத்திருக்காவ, பந்தியில வயசாளிகளக் கையப் புடிச்சு உக்கார வச்சாளாம், அது புடிச்சுப் போச்சாம். விசாரிச்சிருக்காவ. நேரா எங்கிட்டயே கேட்டாவ. "அண்ணாச்சி, ஆடி பொறந்துட்டா பேச முடியாது. எங்க ஜோசியர் புதன்கெழம மத்தியானம் பன்னெண்டு மணி ராகுகாலத்துக்கு முன்னால கேரளாவுக்குப் போறாவ, பெறவு ஆவணியிலதான் வருவாவ. அதுக்குள்ள பொண்ணு ஜாதகத்த அனுப்பிருங்க, பொருந்துனா அன்னைக்கே வந்து பேசிருதோம்."

எனக்கு ஒரு கொறையும் சொல்ல முடியல. நல்ல குடும்பம். கடையம் இந்தா இருக்கு, முக்கா மணி நேரம். வாசல் கெழக்க. தாய்மாமன் போலீஸ்ல ஏட்டு. நானும் ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கேன், ஒண்ணும் அகப்படல. அனுப்புதேன்னுட்டேன்.

மொழி அன்னைக்குச் சாயங்காலம் அவ அம்மாவோட மாம்பழக் கலர் பட்டெடுத்து வெயில்ல ஒணத்துனா. எதுக்குளான்னு கேட்டேன். சும்மா, பூச்சி விழுந்துரும்னா. முகத்துல ஒரு இது இருந்துச்சு. ரொம்ப வருசத்துக்குப் பெறவு பாக்கேன் அந்த முகத்த.

ஏன் முன்கூட்டியே அனுப்பலன்னுதான் கேக்கிய? திங்கக்கெழம ராகுகாலம் கழியட்டும்னு இருந்து நல்ல நேரத்தத் தவறவிட்டாச்சு, செவ்வாக்கெழம இதுக்கு ஆகாது. புதன் காலம்பற பத்து மணி நல்ல நேரம். குளிச்சு, திருநீறு பூசி, சாமி கும்புட்டுட்டு உக்காந்தேன். மொழி பக்கத்துல நின்னா. அவ ஜாதகம் அடியில கெடக்குல்லா, எரநூத்திப் பதிமூணுக்கு அடியில. தொட்டேன். வட்டம் சுத்துச்சு.

பத்தே கால். சுத்துது. பத்தரை. சுத்துது. நடுவுல திரை வெள்ளையாப் போச்சு, மறுபடி வந்துச்சு, மறுபடி சுத்துது.

மொழி பைய சொன்னா, "அப்பா, எல்லாத்தையும் மூடிட்டு ஒருக்க அமத்திப் போட்டா ரெண்டு நிமிசத்துல வந்துரும்."

"ஊரான் வீட்டுப் புள்ளையளோட ஜாதகம்ளா. உனக்காக எல்லாத்தையும் மூடவா?"

அதுல என்ன தப்பு இருக்கு, நீங்களே சொல்லுங்க. சுயநலம் பாக்க முடியுமா? அவ சரின்னு தலையாட்டிட்டு அடுப்படிக்குப் போனா. பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்தா. அலமாரியில இருக்குத பேப்பர் ஜாதகத்த எடுத்தாந்து எம்முன்னால வச்சா. போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பான்னா. நான் வாங்கிப் பாத்தேன். மடிப்புல ஒரு எழுத்து மசங்கி இருக்கு. எம்மவ ஜாதகம் இப்பிடி மசங்கலா போயிச் சேரணுமா? முப்பத்தெட்டு வருசம் இந்தத் தொழில்ல இருக்குதவன் வீட்டு ஜாதகம்!

பதினோரு மணி ஆச்சு. "அப்பிடின்னா ஒரு செராக்ஸ் எடுத்துட்டு பஸ் ஏறுங்கப்பா. பன்னெண்டுக்குள்ள கடையம் போயிரலாம்." பொண்ணப் பெத்தவன் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு மாப்ள வீட்டு வாசல்ல போயி நிக்கணுமாம். அவளுக்குத் தெரியாது, அது மதிப்பக் கெடுத்துரும். நாளைக்குப் போற எடத்துல அவளத்தான் எளக்காரமா பாப்பாவ. அவளுக்காகத்தான் சொன்னேன்.

பெறவு அவ எதுத்தாப்ல, இந்தா நீங்க உக்காந்திருக்கியள்லா, அந்த நாற்காலியில உக்காந்தா. மாப்ள வீட்டுக்காரவ உக்காருத நாற்காலி அது. ஒருநாளும் அதுல உக்கார மாட்டா. ரெண்டு பேரும் அந்த வட்டத்தப் பாத்துக்கிட்டே இருந்தோம்.

பன்னெண்டே முக்காலுக்குப் போன் வந்துச்சு. அந்த அம்மாதான். "ஜோசியர் போயிட்டாவ அண்ணாச்சி. பாவூர்சத்திரத்துப் புள்ள ஜாதகம் ஒண்ணு பொருந்தி வந்துட்டு, அதையே பேசிட்டோம். தப்பா எடுத்துக்காதிய." நான் என்ன செய்ய? மிஷின் செஞ்ச வேல. போன வச்சிட்டு மொழிட்டச் சொன்னேன், "விடுளா, நமக்கு வாய்க்கல. ஆறு வருசமா ஒன் ஜாதகத்த நான் மூடவே இல்லியே, பதில்தான் வர மாட்டேங்கு. தலையெழுத்து."

அவ எந்திரிச்சு வந்தா. லேப்டாப்புல அந்த ஓரத்துப் பொத்தான விரல வச்சு அமுக்கிப் புடிச்சா. நான் என்னளா செய்யுத, என்னளா செய்யுதன்னு கத்துதேன், எடுக்கல. திரை கருத்துப் போச்சு. எரநூத்திப் பதினாலும் போச்சு. மறுபடி போட்டா. அண்ணாச்சி, ஒரு நிமிசம்தான். பளிச்சுன்னு வந்து நிக்கு, புதுசு வாங்குன அன்னைக்கு நின்ன மாரி.

மெயிலத் தொறந்து என்னமோ அடிச்சா. திரைய எம்பக்கம் திருப்புனா. வெறுமையா இருந்துச்சு. "அனுப்புன மெயில்ல எம்பேரத் தேடுனேன்ப்பா. ஒண்ணுகூட இல்ல. அதுக்கு முன்னால நீங்க தபால்ல அனுப்புன கணக்கு நோட்டுலயும் பாத்துட்டேன், பல தடவ பாத்துட்டேன். ஒருத்தருக்குகூட நீங்க அனுப்புனதில்ல. பதில் வரல பதில் வரலங்கிய. பதில் வரணும்னா மொதல்ல யார்ட்டயாவது கேக்கணும்லா?"

கத்திப் பேசல. அழவும் இல்ல. கணக்கு ஒப்பிக்க மாரி சொன்னா. எனக்கு வந்த கோவத்துல கை ஓங்கிட்டேன், அடிக்கல. நல்ல எடமா வரட்டும்னு காத்திருக்கது ஒரு குத்தமா? அத அவளுக்கு வெளங்க வைக்க முடியல. இந்தக் காலத்துப் புள்ளையளுக்குப் பொறும கெடையாது. முப்பத்தஞ்சு வயசு ஆவுது, இன்னும் அவசரம்.

ஆடி பதினெட்டு கழிஞ்சு மறுநாளு கெளம்பிட்டா. மதுரையில ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ்ல வேல. எப்ப எழுதிப் போட்டாளோ, யாரு வழியாப் போனாளோ, எனக்குத் தெரியாது. பொம்பளையளுக்கான விடுதியில இருக்கா. போற அன்னைக்குக் காலம்பற மசூதக் கூட்டியாந்து, நான் வேண்டாம் வேண்டாம்ங்கும்போதே அந்த எட்டு ஜிபியப் போட வச்சிட்டா. அவன் பிரிச்சுப் போட்டு மூடுனான், அரை மணி நேரம்கூட ஆகல. துணிப் பைய எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா, "இனிமே மெதுவா ஓடாதுப்பா. யாரும் காத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம்." அம்புட்டுத்தான். போயிட்டா.

ஞாயித்துக்கெழம போன் பண்ணுதா. சாப்ட்டியளா, மாத்திர போட்டியளாங்கா. வீட்டுக்கு வாளான்னு கூப்புட்டா பேச்ச மாத்திருதா. வீடு நல்லாவே இல்ல அண்ணாச்சி. பேச ஆளில்ல. நானே வடிச்சா சோறு கொழஞ்சு போயிருது. எல்லாம் இந்தச் சவத்தால வந்தது. அன்னைக்கு ஒழுங்கா ஓடியிருந்தா இந்தக் கார்த்திகைக்கு அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்கும், நானும் பேரன் பேத்தின்னு இருந்திருப்பேன்.

அந்த எரநூத்திப் பதினாலு என்னாச்சுன்னா கேக்கிய? ஒண்ணும் ஆகல. மசூது சொன்ன மாரி எல்லாம் அப்பிடியே உள்ள இருந்துச்சு. ஆவணி பொறந்த மொத வாரத்துலயே அதுல ரெண்டு கல்யாணம் முடிவாச்சு. அது தற்செயலா நடந்தது, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல. ஆனா நான் மறுபடி தொறந்து வைக்கல. ஒவ்வொண்ணாப் பாத்துட்டு மூடிருதேன். ஒண்ணே ஒண்ணத்தான் மூடல. அது கெடக்கு ஒரு ஓரமா, அதுனால ஒண்ணும் எடம் அடைக்கப் போறதில்ல.

இப்ப எப்பிடி ஓடுதுங்கிய! இந்தா உங்க தம்பி விவரம் பூரா ஏத்தியாச்சு, பொருத்தம்னு ஒரு தட்டுத் தட்டுனா, கண்ண மூடி முழிக்கதுக்குள்ள இருக்குத அத்தன பொண்ணையும் வரிச போட்டுரும். தட்டுதேன் பாருங்க.

வந்துட்டு.

என்ன கேட்டிய?

எம்மவளையா? உங்க தம்பிக்கா?

இல்ல, தப்பா எடுத்துக்கல. எதுக்குத் தப்பா எடுக்கப் போறேன். நல்ல எடந்தான். மின்வாரியம். மதுரைக்கு மாத்தல் கேட்டு எழுதியிருக்காவளா, அப்பிடியா. உங்க வீட்லயும் பொம்பள ஆளு கெடையாதுங்கிய. வாசல் எந்தப் பக்கம்? கெழக்கயா. தாய்மாமன் இருக்காவளா? அவுகளும் நல்லாத்தான் இருக்காவளா.

பொறுங்க, நீங்க எட்டிப் பாக்காதிய, அந்தப் பக்கத்துலேருந்து பாத்தா கண்ணு கூசும். திருப்பிக்கிடுதேன். ஆமா, அவ ஜாதகம் இதுல இருக்கு. பொருத்தமா? அதத்தான் பாக்கேன். வட்டம் சுத்துது. முன்ன சுத்தல, இப்பதான் சுத்த ஆரம்பிச்சிருக்கு. மசூது போட்ட சாமான் சரியில்ல போல, நான் அப்பவே சொன்னேன் வேண்டாம்னு. வரிச வந்துச்சேங்கிய, அது வேற அண்ணாச்சி, இது வேற. உங்களுக்குச் சொன்னா வெளங்காது.

அஞ்சேகால் ஆச்சு, நீங்க கெளம்புங்க. இத விட்டா புளியங்குடிக்கு ஏழு மணிக்குத்தான் வண்டி. தொறந்ததும் நானே போன் பண்ணுதேன். தம்பி ஜாதகம் இங்கனயே இருக்கட்டும், பத்திரமா வச்சிருப்பேன்.

மொழி போன் நம்பரா? அவட்டயே கேட்டுக்கிடுதியளா? அது மனப்பாடமா தெரியாதே அண்ணாச்சி. அதுவும் இதுக்குள்ளதான் இருக்கு. தொறக்கட்டும், சொல்லுதேன்.